ஒரு கரண்டி பால்

எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் அவசரம். "இன்னைக்கே ஆண்டவர் வந்துட்டா உங்க வீட்டாருடைய கதி என்ன?" என்று போதகர் ஞாயிறு தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார். என் அப்பா இரட்சிக்கப்படாதவர் என்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் எல்லாத் தேயிலைத் தோட்டத்துக்கும் தெரிந்த சமாச்சாரம்.

அந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அம்மா செத்த பிறகு சோறு இறங்காமல் சுருண்டு கிடந்த என்னை எழுப்பி உட்காரவைத்தது இந்த விசுவாசம்தான். நரகம் என்று சொன்னால் எனக்கு அது, பஸ் ஏறிப் போகும் அட்டன் டவுன் மாதிரி, நிஜமாகவே இருக்கிற இடம். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் சாகப்போகிறார் என்பதைவிட எங்கே போகப்போகிறார் என்பதை நினைத்துத்தான் ராத்திரியில் எழுந்து எழுந்து ஜெபித்தேன்.

அப்பாவுக்கு ஆண்டவரோடு சண்டை இல்லை. சண்டை எங்கள் சபை மூப்பரோடு.

மூப்பராவதற்கு முன்பு அவர் எங்கள் தோட்ட டிவிசனில் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களை எந்த மலைக்கு, எந்த நிரைக்கு அனுப்புவது என்பது அவர் வாயில்தான் இருந்தது. ஒருநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அம்மா அவரிடம், தன் நிரைக்கு நேர் மேலே மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, இன்றைக்கு வேறு இடத்தில் போடுங்கள் என்று கேட்டாள். "வேல செய்ய மனசில்லாதவ கண்ணுக்குத்தான் குளவி தெரியும்" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னால் காற்றுக்குக் கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் ஓடித் தப்பினார்கள். அம்மா கூடையோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தாள். லொறியில் ஏற்றிக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சில வருடம் கழித்துக் கங்காணி மனந்திரும்பினார். ஞானஸ்நானம் எடுத்தார், மூப்பரானார், வெள்ளைச் சட்டை போட்டார். தன்னால் ஒரு குடும்பத்துக்கு அநியாயம் நடந்ததென்று சபையில் சாட்சி சொல்லி அழுதார். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் பாதி அங்கேயே பாயில் உட்கார்ந்திருந்தது, மறு பாதி லயத்து வரிசை வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தது. அவர் வீட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஒரு மண்பாதை இறங்கினால் போதும். அவர் இறங்கவே இல்லை.

நான் அப்பாவிடம் அழுது மன்றாடினேன். அவர் இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"நீ சொல்ற மோட்சத்துல அந்த ஆளும் இருப்பானாம்மா?"

"இருப்பாருப்பா. அவரும் பாவத்த விட்டுட்டாருல்ல."

"அப்ப ஒங்கம்மா அங்க இல்ல. அவன் இருப்பான். அங்க எனக்கு என்னா வேல?"

அம்மா ஆண்டவரை அறியாமலே செத்தவள். போதகர் சொல்லிக்கொடுத்த வசனங்களில் இதற்கு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் அப்பாதான் இறங்கி வந்தார். "சரி, அவன வரச்சொல்லு. பால் ஊத்தட்டும். நான் முழுங்கிர்றேன். அப்புறம் நீ சொல்ற ஜெபத்த நானும் சொல்றேன்."

எங்கள் லயங்களில் இது வழக்கம். ஒருவர் கிடையில் விழுந்து இனித் தேறமாட்டார் என்று தெரிந்தால், சொந்தபந்தம் வந்து கரண்டியால் வாயில் பால் ஊற்றும். பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் வருவார்கள். கோடு கச்சேரி என்று வழக்காடி அலைந்த பங்காளிகூடத் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கரண்டி ஊற்றினால் போதும், மன்னிப்பு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. படுத்திருப்பவர் விழுங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. இதைவிடச் சுலபமாக ஒரு மனிதனால் எதைக் கேட்க முடியும்?

நான் மூச்சிரைக்கக் கங்காணி வீட்டுக்கு ஓடினேன்.

"அது புறஜாதிச் சடங்கு, சகோதரி" என்றார் அவர். சபைக்கு வந்த பிறகுதான் நான் அவருக்குச் சகோதரி. அதற்கு முன்னால் 'அந்தச் செத்தவ மக'.

"ஐயா, அவரு ஜெபம் பண்றேன்னு சொல்லிட்டாருங்க. ஒரே ஒரு கரண்டி. நான் ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"நான் வர்றேன். ஆனா பாலோட இல்ல, ஆண்டவரோட வர்றேன்."

போதகரும் அவர் பக்கம்தான் பேசினார்.

வந்தார்கள். போதகர், கங்காணி, பின்னால் கிட்டார், கஞ்சிரா. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் டிவியை நிறுத்திவிட்டார்கள். லயமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

நான் பாலைச் சுடவைத்துத் தயாராக வைத்திருந்தேன். அப்பா கங்காணியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என் அப்பா, அந்த ஆளுக்கு முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். நான் டம்ளரையும் கரண்டியையும் கங்காணியின் கையில் திணித்தேன். அவர் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசினார்.

"அண்ணே, நேரம் இல்ல. ஒங்க பாவத்த அறிக்க செய்ங்க."

"என் பாவமா?" என்றார் அப்பா.

அவர் கேட்டது அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர்கள் பாட்டுப் பாடினார்கள். பாலில் ஆடை படிந்தது. மறுநாள் மத்தியானம் அப்பா போய்ச் சேர்ந்தார். தப்பு அடித்து, தேங்காய் உடைத்து, அவருடைய ஆட்கள் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு கங்காணி சாட்சி சொல்ல எழுந்தார். "ஒரு சகோதரியுடைய தகப்பனுக்குக் கடைசி நேரத்துல சுவிசேஷம் சொல்லப் போனேன். முகத்தத் திருப்பிக்கிட்டாரு. ஆகவே தாமதிக்காதீங்க" என்றார். குரல் உடைந்தது. சபை ஆமென் போட்டது. போதகர் என்னையும் எழுப்பி, வாலிபப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

"எங்கப்பா வரமாட்டேன்னு சொல்லலீங்க" என்றேன். "வாயத் தொறந்துக்கிட்டுதான் கெடந்தாரு. வழிய மறிச்சுக்கிட்டு நின்னது மூப்பரய்யாதான்."

போதகர் அவசரமாகப் பாட்டை எடுத்தார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் அதே சபைக்குத்தான் போகிறேன். நம்பிக்கையைச் சட்டை மாதிரிக் கழற்றிப்போட எனக்குத் தெரியாது. செத்தவர்களுக்காக ஜெபிக்க எங்கள் உபதேசத்தில் இடமில்லை, அதனால் அப்பாவுக்காக ஒன்றும் கேட்பதில்லை. கங்காணிக்காகத்தான் முழங்கால் போடுகிறேன். ஆண்டவரே, அவரை உம்முடைய இடத்துக்குள் விட்டுவிடாதேயும். என் அப்பாவும் அம்மாவும் இருக்கிற இடத்துக்கே அனுப்பிவையும். அங்கேயாவது போய் அவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும்.