உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், முதலில் என் முழங்கையில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். எனக்கு வந்தது பட்டப்பகலில், சரியாக இரண்டு பத்துக்கு.

நானும் என் மனைவியின் தம்பியும் பழைய கம்பியில் குதிரைச் சிலை பின்னுகிறவர்கள். ஆள் உயரக் குதிரை என்றால், ஒருவர் அதன் வயிற்றுக்குள் உட்கார வேண்டும். உள்ளே இருப்பவர் கம்பி முனையை வெளியே தள்ளுவார். வெளியே இருப்பவர் இழுத்து, மடக்கி, திரும்ப உள்ளே விடுவார். பக்கத்துப் பட்டறை இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் கம்பியை ஒருமுறை சுண்டினால் 'அடுத்தது'. இரண்டு முறை சுண்டினால் 'நிறுத்து'.

அன்றைய கம்பி பழைய இரும்புக்கடையில் ஒரே கட்டாகக் கிடைத்தது. பழைய வளைவுகளை நிமிர்த்திய பிறகுதான் பின்ன வேண்டும். சோம்பேறித்தனம், அப்படியே பின்னினோம். அந்த வளைவுகளோ விலா, தோள், தொடை என்று அளவெடுத்ததுபோல் பொருந்தின.

"கம்பிக்கே வேலை தெரியுது மாமா," என்றான் மச்சினன். நானும் சிரித்தேன்.

மூன்று அடுக்குப் பின்னல். உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நான் ஏறி இறங்க நெஞ்சுப் பக்கம் ஓர் இடைவெளி விட்டிருந்தோம். கட்டிங் பிளேயர் எப்போதும் உள்ளே இருப்பவரிடம் இருக்க வேண்டும். அன்று அதை ஏணி மேல் மறந்துவிட்டு ஏறினேன். புத்தி கெட்டவன்.

செல்போனில் மணி 2.10. கரண்ட் போனது. எங்கும் அமைதி. கம்பி ஒருமுறை சுண்டியது. தள்ளினேன். இழுபட்டது, மடங்கி உள்ளே வந்தது. மச்சினன் ஒவ்வொரு இழுப்புக்கும் முனகுவான். இப்போது முனகல் இல்லை.

2.16. வெளிச்சம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். இடைவெளி பாதிதான் இருந்தது.

"மாப்ள, அதை மூடாதடா. நான் உள்ள இருக்கேன்."

கிரீச்... கிரீச்... கம்பி முறுக்கும் சத்தம்.

இரண்டு முறை சுண்டினேன்.

ஒரு சுண்டு திரும்பி வந்தது. அடுத்தது.

2.19. அவனுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"டீ குடிக்க வந்தேன் மாமா. சொல்லிட்டுதானே வந்தேன். நீங்ககூட சரின்னீங்களே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. வீட்டில் இருக்கும் மனைவியும் நாலு மாதக் குழந்தையும் கண்முன் வந்தார்கள்.

"ஓடி வாடா."

கிரீச்...

கையை வெளியே நீட்டினேன்.

குளிர்ந்த விரல்கள்... என் கையை மெல்ல உள்ளே தள்ளின.

2.24. இடைவெளி இல்லை.

மச்சினன் வந்து வெட்டித்தான் என்னை வெளியே இழுத்தான். முழங்கை கிழிந்தது அப்போதுதான். மூடியிருந்த இடத்தில் பதினேழு முறுக்குகள். நாங்கள் இருவரும் வலப்பக்கம் முறுக்குகிறவர்கள். அந்தப் பதினேழும் இடப்பக்கம் முறுக்கியவை.

மறுநாள், அந்தக் கம்பி ஏது என்று கேட்டு இரும்புக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"அது இன்னொரு கம்பிக் குதிரையைப் பிரிச்சதுங்க. செஞ்சவரை அதோட வயித்துலேர்ந்துதான் வெட்டி எடுத்தாங்க. உசுரு இல்ல."

"வெளியேயிருந்து இழுத்த ஆளு என்ன சொன்னான்?"

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஆளு ஏதுங்க? அவரு தனியாத்தான் வேலை செய்வாரு. உள்ள ஒரு தரம், வெளிய ஒரு தரம்னு அவரே ஏறி இறங்குவாரு. அன்னிக்குப் பட்டறைக் கதவைக்கூட உடைச்சுத்தான் திறந்தாங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு."