பொம்மிடி பிலோமினா டீச்சரும் அவருடைய ஜாஸ் தட்டுகளும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிலோமினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கணக்கு டீச்சராகப் பொம்மிடிக்கு வந்தேன். ரயில் பாதையை ஒட்டிய தெருவில் பிலோமினா டீச்சர் தனியாக இருந்தார். கப்பலில் சமையல் வேலை பார்த்த அவருடைய தம்பி ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பெட்டியாகச் சுமந்து வந்து சேர்த்தவைதான் அந்த ரெக்கார்டு பிளேயர், வால்வு ஆம்ப்ளிஃபையர், ஆள் இடுப்பளவு ஸ்பீக்கர்கள் எல்லாம். அலமாரி நிறைய ஜாஸ் இசைத்தட்டுகள். ரயில் போனால் தட்டின்மேல் ஓடும் முள் துள்ளும் என்று சுவரில் கருங்கல் பலகை பதித்து, பிளேயரை அதன்மேல் வைத்திருந்தார். முதல் நாள் வெறும் வாத்தியமாகவே ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல பாட்டு எப்பங்க வரும்?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு கோடை விடுமுறையில் அவர் ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். தம்பி கடலில் இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வெறும் கல் பலகையைத் தடவியபடி, "அவன் ரெண்டாவது தடவ போன மாதிரி இருக்குதுங்க" என்றார்.

சில வாரங்களில் பொருள்கள் கம்பைநல்லூரில் ஒரு ரேடியோ கடையில் போலீசாருக்குக் கிடைத்தன. கடைக்காரர் சம்பத், பெங்களூரில் வீடு காலி செய்த ஒருவருடையது என்று புரோக்கர் சொன்னதை நம்பி வாங்கியதாகச் சாதித்தார். காவல் நிலையத்துக்கு டீச்சரோடு நானும் போனேன்; சம்பத்தும் அங்கே நின்றிருந்தார். ஜன்னலோரம் தட்டுகள் வெயிலில் கிடந்தன. டீச்சர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஐயோ, வெயில்ல வெக்காதீங்க, அப்பளமாட்டம் வளைஞ்சிரும்!" என்று ஓடினார்.

"பில்லு இருக்குதுங்களா டீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பி கப்பல்ல இருந்து கொண்டாந்ததுங்க. பில்லு ஏதுங்க?"

"அவருகிட்டயும் இல்ல, உங்ககிட்டயும் இல்ல. யாருதுன்னு நான் எழுதறது?"

"போட்டுக் காட்டட்டுங்களா?"

டீச்சரே மேசைமேல் எல்லாவற்றையும் பொருத்தினார். ஒரு தட்டை எடுத்து, முள்ளை வைக்குமுன் சொன்னார்: "இது ஜனங்க முன்னாடி வாசிச்சதுங்க. பியானோ நின்னதும் ஒருத்தர் இருமுவாரு. அது இந்தத் தட்டு யாரு வாங்கினாலும் அதுல இருக்கும். ஆனா அதுக்கடுத்து சாக்ஸபோன் ஏறும்போது முள்ளு தட்டி, ஒரே எடத்துல சுத்தும். அது எந்தம்பி போட்ட கீறல். இதுல மட்டுந்தான் இருக்கும்."

காவலர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பியானோ நின்றது. யாரோ இருமினார். ஒரு காவலர் சிரித்தேவிட்டார். சாக்ஸபோன் ஏறியது, முள் தட்டி, அதே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றியது. டீச்சர் முள்ளை எடுக்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் சம்பத்தைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இன்னும் ஒரு தடவகூடக் கேக்கலிங்க சார்," என்றார் சம்பத், தலை குனிந்தபடி. "அவங்களுதுதாங்க."

நீதிமன்றம் வழியாகப் பொருள்கள் வீடு திரும்பின. புரோக்கரிடம் ஏமாந்த சம்பத்தை டீச்சர் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வூட்டுக்கு வாங்க, முழுசா கேளுங்க" என்றார். அவர் வந்தார். வால்வு போனால் சேலத்தில் தேடி வாங்கி வந்தவரும் பின்னாளில் அவர்தான்.

மனிதர்களையும் டீச்சர் அப்படித்தான் முழுசாகக் கேட்பார். பள்ளியில் சண்டை போட வரும் பெற்றோரை உட்காரவைத்து, கடைசி வார்த்தைவரை பேச விடுவார். ஒருமுறை நான் குறுக்கிட்டபோது, "மூச்சு வாங்கறாங்க, இன்னும் முடிக்கல" என்றார்.

போன ஆண்டு என் மகள் கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றாள். என் நாக்கில் நூறு புத்திமதிகள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் அழுதாள், நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லாததை அன்று அவள் என்னிடம் சொல்லி முடித்தாள். எனக்கு ஜாஸ் இன்றும் பாதிதான் புரிகிறது. பிலோமினா டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பொறுமை.