சிங்கத்தின் பிடரி

பத்து வயதில் எனக்குச் சிங்கப்பூரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு இருந்தது. தஞ்சாவூர் பெரிய கோயிலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறைதான் பார்த்தவள் நான். ஆனால் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கச் சிலை சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்காமலும் சொல்வேன். அதுதான் வினையாகப் போயிற்று.

எல்லாம் சித்தப்பா கொடுத்த அறிவு. அப்பாவின் ஒரே தம்பி. ஆறு வருடமாக அங்கே வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அன்றைக்குத்தான் போன் வரும். அப்பா பேசி முடித்ததும் என் கைக்குக் கொடுப்பார். ஒருமுறை, நான் அங்கே வந்தால் என்னென்ன காட்டுவீர்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து வாரம் ஒரு இடமாகச் சொல்ல ஆரம்பித்தார். வேலை செய்கிற இடத்தில் படம் எடுக்க விடமாட்டார்களாம். அதனால் எல்லாம் வாய்வார்த்தைதான். நான் நாற்பது பக்க நோட்டில் ‘முதன்முறை சிங்கப்பூர் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் இரண்டு கோடும் இழுத்து, ஒவ்வொன்றாக எழுதி வந்தேன். பதினோரு இடங்கள் சேர்ந்தன.

அந்த வருடம் பொங்கலுக்குச் சித்தப்பா ஒரு மாத லீவில் வந்தார். வந்ததே பெண் பார்க்கத்தான். முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. வெளிநாட்டில் கூலி வேலைதானே என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த லீவிலும் அமையாவிட்டால் அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை தலையில் முடி இருக்குமா என்று அம்மா வெளிப்படையாகவே கவலைப்பட்டாள். ஆகவே திருக்காட்டுப்பள்ளியில் மூன்றாவது இடம் வந்தபோது அப்பா உஷாராகி, தம்பி அங்கே சூப்பர்வைசர், ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று தரகரிடம் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்கப் போன வேனில் சித்தப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். வழியில் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றபோது, “அண்ணே, உள்ளதச் சொல்லிடலாண்ணே,” என்றார்.

“நீ சும்மா வாடா. கல்யாணத்துக்கப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

எனக்கு இந்தப் பேச்சில் அக்கறையே இல்லை. மடியில் நோட்டு இருந்தது. எதற்காக அதை எடுத்துப் போனேன் என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை. புது ஆட்கள் முன்னால் அளக்க வேண்டும் என்கிற ஆசையாகத்தான் இருக்கும்.

பெண் வீட்டில் அசோகா அல்வாவும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பிறகு பெண்ணின் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சித்தப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் ரிட்டயர்டு வாத்தியார். போன வருடம்தான் ஒரு கோஷ்டியோடு ஐந்து நாள் சிங்கப்பூர் சுற்றிவிட்டு வந்தாராம். மாப்பிள்ளை நிஜமாகவே அந்த ஊரில்தான் இருக்கிறாரா என்று பார்க்க அவரை உட்கார்த்தியிருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

அந்தப் பெரிய தோட்டத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஓர் அருவி விழுகிறதே, அது எத்தனை மாடி உயரம் இருக்கும் என்று அவர் கேட்டார். சித்தப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவுக்கா தெரியாது! பிறகு சும்மா இருப்பேனா? நோட்டைப் பிரித்து, ஐந்தாவது இடம் என்று உரக்க ஆரம்பித்தேன். “கண்ணாடிக் கூடாரம் ரெண்டு. கவுத்துப் போட்ட நத்தை ஓடு மாதிரி இருக்கும். வெயில் அடிக்கறப்ப முதுகு மட்டும் மினுங்கும்.”

“முதுகா?” என்றார் பெரியப்பா.

அவர் வியந்துபோய்விட்டார் என்று நினைத்து நான் இன்னும் வேகம் எடுத்தேன். ராட்சச ராட்டினத்தின் பெட்டி நம் மட்டத்துக்கு வந்துவிட்டுத் திரும்பக் கீழே இறங்கிப் போகும். படகெல்லாம் வாய்க்காலில் மிதக்கிற புங்கம்பூ மாதிரி இருக்கும். சிங்கத்துக்குப் பிடரி முழுக்கச் செதில் செதிலாக இருக்கும், முகம் அந்தப் பக்கம் பார்த்திருக்கும்.

பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். “இரும்மா. சிங்கத்த எல்லாரும் மூஞ்சிப் பக்கம் நின்னுல்ல போட்டோ எடுப்பாங்க. பின்பக்கம், அதுவும் மேலேர்ந்து, யாரு பார்க்கறது?” கேள்வி எனக்கு. பார்வை சித்தப்பா மேல்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏசி ரூமில் ஜன்னல் இருக்கும் என்று என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“நான் சூப்பர்வைசர் இல்லீங்க. உசரமான கட்டடத்துல வெளிப்பக்கம் தொட்டில்ல தொங்கி கண்ணாடி தொடைக்கிற வேலை. அங்கேர்ந்து பார்த்ததத்தான் புள்ளைக்கிச் சொன்னேன். ஒரு எடத்துக்குள்ளயும் நான் போனதில்லீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இல்லை. அது அப்போது மண்டையில் ஏறவே இல்லை. ஒரு இடத்துக்குள்ளும் போனதில்லையா? சிங்கத்தின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையா? பதினோரு இடத்தில் ஒன்றுகூடவா? நோட்டைப் பட்டென்று மூடினேன். உலகத்தில் என்னை ஏமாற்றவே மாட்டார் என்று நான் நம்பிய ஒரே ஆள் அவர்.

பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழப்போனாள். அப்போதுதான் உள்ளறை வாசலிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. பெண் பார்க்கிற இடத்தில் பெண் தானாகக் கேள்வி கேட்டு எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

“அவ்ளோ உசரத்துல எதப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்க?”

சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பினார். “இடுப்புல பெல்ட்டு இருக்குங்க. கயித்துல மாட்டியிருக்கும்.”

“காத்தடிச்சா?”

“ஆடும். கண்ணாடியப் புடிச்சிக்க முடியாதுல்ல. கீழயும் பார்க்கக் கூடாது. தூரத்துல எதையாவது பார்த்துக்கிட்டே நிப்பேன். சிங்கம், ராட்டினம், அந்த மாதிரி. காத்து நிக்கிற வரைக்கும்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது வேனில் அப்பா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, பெண்ணுக்குச் சம்மதமாம், வேறு யார் சொல்வதையும் கேட்கமாட்டேன் என்கிறாளாம் என்றார். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா நம்பாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். லீவு முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. மணவறையில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தப் பார்த்தார் சித்தப்பா. நான் போகவில்லை. நோட்டில் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு மீதிப் பக்கங்களில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

அவர் திரும்பிப் போனார். சித்தி எங்களோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எனக்கு வீட்டுப்பாடம் நிறைய இருக்கும். அம்மா எவ்வளவு கூப்பிட்டாலும் போகமாட்டேன். என் முறை வரும்போது போனைச் சித்தி வாங்கிக்கொள்வாள். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கமாட்டாள். ஒவ்வொரு வாரமும் முதல் கேள்வி ஒன்றேதான்.

“நாளைக்கிக் காத்து இருக்குமாங்க?”

நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். அத்தனை பெரிய ஊரில் கேட்க எவ்வளவோ இருக்கும்போது போயும் போயும் காற்றைப் பற்றிக் கேட்கிறாளே, இந்தச் சித்திக்கு ஒரு விவரமும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.