தட்டில் வைத்தால் தின்னாத பூனை

எனக்கும் அந்தப் பூனைக்கும் பல வருஷப் பகை. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி சரியாக விழாது. மீன் வாங்கும் நாளெல்லாம் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடும். நான் அடுப்புப் பக்கம் திரும்பினால் போதும், ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். "தொட்டே, காலை ஒடிச்சுடுவேன்!" என்று துடைப்பத்தோடு கொல்லை வரைக்கும் ஓடுவேன். அது சுவர்மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்னும். அவ்வளவு திமிர்.

போன மழைக்காலத்தில், ஷிப்ட் விடுகிற நேரத்து நெரிசலில் ஏதோ ஒரு பைக் அதன் பின்னங்கால்மேல் ஏறிவிட்டது. பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என் கணவர் அதைத் தன் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெறும் பனியனோடு வாசலில் வந்து நின்றார். மாட்டாஸ்பத்திரியில் காட்டி மாவுக்கட்டுப் போட்டோம். டேபிள் பேன் வந்த அட்டைப்பெட்டியில் என் பழைய புடவையை விரித்து, சமையலறை மூலையிலேயே இடம் கொடுத்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. முட்டையின் மஞ்சள் கரு, கோழி வேகவைத்த தண்ணீர், கடையில் விற்கும் பூனைத் தீனி என்று எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உப்பில்லாமல் நெத்திலி அவித்து, விரலால் மசித்து, மூக்கருகில் நீட்டினேன். "சாப்பிடுடா கண்ணு, என் ராஜால்ல" என்று கொஞ்சிக்கூடப் பார்த்தேன். யார் இந்தப் பொம்பளை என்பதுபோல் என்னைப் பார்த்தது.

மறுபடியும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும்மா. நாளைக்குள்ள எதுவும் சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க, மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். ஆனா இருக்கிற நிலைமைக்கு அதைத் தாங்குமான்னு சொல்ல முடியலை" என்றார்.

மறுநாள் அவர் மனசில்லாமல்தான் வேலைக்குப் போனார். எனக்கும் கை ஓடவில்லை. இருந்தாலும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. மத்தி வாங்கி, தரையில் அரிவாள்மணையைப் போட்டுக் கழுவி நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எடுத்தேன்.

"சாப்பிட்டுச்சா?" என்றார் கணவர்.

"இல்லைங்க" என்று சொல்லும்போதே பின்னால் சரக் சரக்கென்று ஏதோ இழுபடும் சத்தம். திரும்பினேன். மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, வயிறு தரையில் உரச, மீன் சட்டியை நோக்கி அது ஊர்ந்துகொண்டிருந்தது.

பழக்கதோஷம். "ஏய்! தொட்டே, காலை ஒடிச்சுடுவேன்!" என்று கத்திவிட்டேன்.

கத்திய வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டேன். ஒடிந்த காலோடு கிடப்பதிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அது காதை மடக்கி, என்னை ஒரு முறை முறைத்து, ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குத் திரும்பியது. உறுமிக்கொண்டே தின்றது.

"பாவம், அதைப் போய் ஏன் திட்டுற?" என்று போனில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடுதுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தொழில் தெரிந்துவிட்டது. மீனை அவித்து, முள் எடுத்து, ஆறவைத்து, திருடத் தோதாகத் தாழ்வான இடத்தில் அரைகுறையாக மூடிவைப்பேன். பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் தேய்ப்பேன். சரக் சரக் சத்தம் கேட்டதும் துடைப்பத்தைத் தரையில் தட்டி, வாய்க்கு வந்தபடி ஏசுவேன். கவனிக்காததுபோல் இருக்கத்தான் கஷ்டப்பட்டேன். அது மெல்லும் சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு கொஞ்ச நாள் நொண்டியது. பிறகு கொல்லைப்பக்கம் போய்வர ஆரம்பித்தது. ஒருநாள் வறுத்த மீனை மேடைமேல் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஜன்னல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்த கணவர் தட்டைப் பார்த்தார். "என்ன, ஒரு துண்டு குறையுது?"

"அந்தத் திருட்டுப் பூனை மேடைமேல தாவித் தூக்கிட்டுப் போயிடுச்சுங்க!" என்றேன். யாரைப் பற்றியும் அவ்வளவு சந்தோஷமாக நான் புகார் சொன்னதில்லை.