சந்தனம் தின்ற எழுத்துகள்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக வீடு எடுத்தால் நல்ல காற்று வரும் என்பார்கள். காற்றோடு உப்பும் வரும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் கணினியின் மதர்போர்டை அந்த உப்புத்தான் அரித்தது. ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் புது போர்ட் ஒன்றைப் போட்டு, பழைய டிஸ்கையே அதில் பொருத்தித் தந்தார்.

எல்லாம் முன்போலவே இயங்கியது. ஆனால் திரையின் வலது மூலையில், உங்கள் ஒபரேட்டிங் சிஸ்டத்துக்கு உரிமம் உறுதியாகவில்லை என்று ஒரு சாம்பல் நிற வாசகம் வந்து குந்திக்கொண்டது. போர்ட் மாறியதால் அதற்கு இது வேறொரு கணினியாகத் தெரிந்திருக்கிறது.

நான் அதைக் கவனியாமல் விட்டிருப்பேன். என் மனைவியால் முடியவில்லை. அவள் ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமைகளில் லண்டன் பிள்ளைகளுக்கு இந்தக் கணினியில்தான் தமிழ் படிப்பிக்கிறாள். அந்த வாரம் பாடத்தின் நடுவில், பகிர்ந்த திரையில் அந்த வாசகத்தைக் கண்ட ஒரு பிள்ளையின் தாய், “ரீச்சர், உங்கட கொம்பியூட்டர் களவுச் சாமானோ?” என்று பகிடியாகக் கேட்டிருக்கிறாள். மற்றத் தாய்மாரும் சிரித்திருக்கிறார்கள்.

களவுச் சாமான்! அரசாங்கத் தாளில் சொந்தக் கடிதம் ஒன்றுகூட எழுதாமல் ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாடிக் குடியிருப்பில் காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில், பெட்டிக்குள் வந்த உரிமக் குறியீட்டுத் துண்டைக் கணினியின் முகப்பிலேயே ஒட்டி வைத்திருந்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

கடைக்காரரை மேலே கூட்டி வந்தேன். குறியீட்டை மறுபடி தட்டினால் சரிவரும் என்று அவர் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். துண்டில் பாதி எழுத்தைக் காணவில்லை. ஒவ்வொரு வாணி விழாவுக்கும் புத்தகங்களோடு கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். முகப்பின் நடுவில், சரியாக அந்தத் துண்டின் மேல், பொட்டு விழும். மறுநாள் ஈரத் துணியால் துடைப்போம்.

“விடுங்க அங்கிள்,” என்றார் அவர். “உரிமம் கேக்காம ஓட வைக்கிற கிராக் ஒண்ணு போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். இந்த ரோட்டுல எல்லா வீட்லயும் அதுதான் ஓடுது.”

“என்ர வீட்டில ஓடாது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியின் பக்கம் திரும்பி, “துடைச்சுத் துடைச்சு அழிச்சது நீர்தான். இவ்வளவு படிச்சும் அறிவில்லை,” என்றேன். கடைக்காரர் முன்னால் சொன்னேன். கொழும்புக்கு வந்து இவ்வளவு காலத்தில் அவளை வெளியாள் ஒருவர் முன் நான் அப்படிப் பேசியதில்லை. பொட்டு வைக்கும் விரல் எப்போதும் என்னுடையது என்பதைச் சொல்லவில்லை. அவள் கணினியைத் துணியால் மூடிவிட்டு, இனி வகுப்பு இல்லை என்று தாய்மாருக்குச் செய்தி அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை, சிஸ்டத்தை விற்ற நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை அழைத்தேன். முதலில் ஓர் இயந்திரக் குரல், பிறகு ஒரு பெண். ஆங்கிலத்தில் பேசினோம். குறியீடு அழிந்துபோனதை நான் நீட்டி முழக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிஸ்டத்தைப் புதிதாக நிறுவினீர்களா, போர்டை மட்டும் மாற்றினீர்களா என்றாள். போர்ட் மட்டும் என்றேன். அப்படியானால் துண்டு தேவையில்லை, குறியீடு டிஸ்கிலேயே இருக்கிறது, திரையில் வரும் இலக்கங்களை வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். எத்தனை கணினிகளில் இதை நிறுவியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றில்தான் என்றேன், சற்று உரக்கவே. அவள் சொன்ன இலக்கங்களைத் தட்டினேன். சாம்பல் வாசகம் மறைந்தது.

வெற்றிதான். ஆனால் தேவைப்படாத ஒரு துண்டுக்காக அவளைப் பேசியிருக்கிறேன்.

சரியாகிவிட்டது, வாரும் என்று அவளைக் கூப்பிட்டேன்.

“அது சரி வந்தா எனக்கென்ன?” என்றாள் குசினிக்குள்ளிருந்து. “அந்த மனிசனுக்கு முன்னால பேசினீங்கள்.”

ஒழுங்கை முனைக்கு இறங்கிப் போனேன். கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் மேலே வரும்படி கேட்டேன். கணினி மறுபடி பழுதோ என்று ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். மனைவியைக் கூப்பிட்டு இருவர் முன்னாலும் சொன்னேன்: “நேற்று இவவைப் பேசினது பிழை. பொட்டு வைச்சு எழுத்தை அழிச்சது நான். அந்தத் துண்டு தேவைப்படவுமில்லை. எனக்குத்தான் அறிவில்லை.”

கடைக்காரர் நெளிந்தார். “இதுக்காகவா அங்கிள் கடையப் பூட்ட வச்சீங்க? இந்தப் பாடு படுறதுக்கு கிராக்கே போட்டிருக்கலாம்.”

“இப்பவும் வேண்டாம்.”

மனைவி சிரிக்கவில்லை. “இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்று அவருக்கு மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை அவளே துணியை எடுத்துவிட்டு வகுப்பைத் தொடங்கினாள். என்னைக் கூப்பிடவில்லை. மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவும் இல்லை. களவுக் கொப்பியை மறுத்ததற்கு இன்றைக்கும் நான் வருந்தவில்லை, ஒழுங்கை முழுக்கச் சிரித்தாலும் வருந்த மாட்டேன். அவளைப் பேசியதற்கு வருந்துகிறேன். கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு, அவள் பாடம் முடியும் வரை இருந்தேன்.