வியாழக்கிழமை மழை

வானிலை சொல்கிற வேலையில் மழை பெய்தால் பேர் சாமிக்கு, பெய்யாவிட்டால் திட்டு நமக்கு. வேளாண் படிப்பின் கடைசி வருடத்தில், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு வாரம் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் மழை நிலவரம் பேசி அனுப்பும் வேலை எனக்கு வாய்த்தது. இதே பிழைப்பில் இருந்துகொண்டு, ஊருக்குள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அழலாம்.

ஒரு உழவு

துளசிமணி அக்காவுக்கு நாலு மாடும் கொஞ்சம் கொறங்காடும் உண்டு. கொறங்காடு என்றால் மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல். அவர் காட்டில் ஒரு மழைமானியை நட்டுவிட்டு, நோட்டும் கொடுத்து வந்தேன். புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. போய்ப் பார்த்தால் நோட்டில் 'ஒரு உழவு' என்று எழுதியிருக்கிறது. ஒரு தடவை ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்ததாம்.

படிவத்தில் மில்லிமீட்டர்தான் கேட்கிறார்கள், குழாயில் கோடு போட்டிருக்கிறதே, பார்த்து எழுத என்ன கஷ்டம் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே கேட்டார்:

"குழாய்க்குள்ள எத்தன நின்னா எனக்கென்னுங்க அம்மணி? மண்ணுக்குள்ள எத்தன போச்சுன்னு அதுல தெரியுதா?"

மூணாவது படல்

அதற்குப் பிறகு ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. அக்கா காட்டை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பவர். இரண்டு பங்கு மேய்ந்து மொட்டையாகிவிட்டது. மூன்றாவதின் வாசலை அடைக்கும் முள்படலை மட்டும் கட்டி வைத்திருந்தார். அதில் புல் கதிர் விட்டிருந்தது, விதை முற்றவில்லை. அதற்குள் மாட்டை விட்டால் அடுத்த வருடம் புல் இல்லை. விடாவிட்டால், அடுக்கி வைத்த சோளத்தட்டுப் போர் தீர்ந்ததும் மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டும். எல்லோரும் ஓட்டுகிற சமயத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

மழை வருமா என்று என்னிடம் கேட்டார். வியாழக்கிழமை வரும், படலை அவிழ்க்காதீர்கள் என்றேன். வியாழன் வந்தது, மழை வரவில்லை. திங்கள் என்றேன். அதுவும் போயிற்று. பாதி வயிற்றோடு நின்ற மாடுகளைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டிருக்க, பக்கத்துக் காட்டு வேலுச்சாமி அண்ணன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொல்ற வியாழக்கெழம எந்த வருசத்துதுங்க?"

மானி பொய் சொல்லாது

வறட்சித் தீவனம் வழங்கும் பட்டியலில் அந்த ஊர் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பட்டியல் போடும் அலுவலகத்துக்கே போனேன். நான் மழை சொன்ன அந்த வியாழக்கிழமை அங்கே, அவர்கள் வாசலில் இருக்கும் மழைமானியில், மழை பதிவாகியிருந்தது. ஒரு மேகம் டவுனில் கொட்டிவிட்டுப் போனதற்கு, பல மைல் தள்ளி நிற்கும் மாடு பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டேன். காட்டு மானியின் நோட்டை விரித்துக் காட்டினேன். 'ஒரு உழவு' என்ற வரியைப் பார்த்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அப்புறம் என்ன பேசினாலும் ஏறவில்லை. கோபப்படாமல், பொறுமையாகத்தான் சொன்னார்:

"நம்ம மானியில பேஞ்சிருக்குதுங்கம்மா. அப்ப அந்த ஊர்லயும் பேஞ்சிருக்கோணும்."

மன்னிப்புக் கேட்கப் போனது

தீவனமும் இல்லை, மழையும் இல்லை. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். போனால், தட்டுப்போர் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. மூணாவது படல் திறந்திருக்கிறது. காய்ந்த புல்லுக்குள் நாலு மாடும் தலை நிமிராமல் மேய்கின்றன.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மண்ணோடு மண்ணாக, பஞ்சு போல் சின்னச் சின்ன விதைகள்.

"நீயி வியாழன், திங்கள்னு சொல்லிச் சொல்லி என்னையக் கட்டிப்போட்டே கண்ணு. அதுக்குள்ள வெத முத்தி உழுந்துபோச்சு. இனி மாடு மேஞ்சா மேயட்டும், எப்பப் பேஞ்சாலும் மொளைக்கும்."

ஆக, அந்த வருடம் முழுக்க நான் சொன்னதில் ஒரு வீட்டுக்காவது உபயோகப்பட்டது, வராத அந்த வியாழக்கிழமை மழை ஒன்றுதான்.