முதல் சுருள்

யாங்கோனுக்கு வருவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதை அதைக் கொண்டு எடைபோட்டுக்கொள்ளலாம். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிக் கலவைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். மின்கம்பி உறைகளுக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கும் வேண்டிய, தீப்பட்டாலும் தானே அணைந்துவிடும் கலவைகளை உருவாக்குவது என் தொழில். என் கையெழுத்தோடு வெளியே போன சரக்கு ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பெருமைக்காகவே சொல்கிறேன்.

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் டோ கின் என்னும் கைம்பெண். விடியற்காலையில் சோறு வடித்ததும் முதல் கரண்டியைச் சிறு கிண்ணத்தில் எடுத்துப் புத்தர் மாடத்தின் முன் வைப்பார். தேநீர் போட்டால் முதல் கோப்பை அங்கே போகும். குழாயில் தண்ணீர் வந்தால் முதல் குவளையும் அங்கேதான். வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாகத் தோன்றியது என்று சொல்ல முடியாது. முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவன்தானே நான்? விசித்திரம் வேறொன்றில் இருந்தது. இங்கே அந்த வழக்கம் அடுக்களையோடு நிற்பதில்லை, தொழிற்சாலைக்குள்ளும் வந்துவிடுகிறது. அம்பத்தூரில் ஆயுத பூஜையன்று எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், பூசணிக்காய் உடைப்போம். ஆனால் மறுநாள் எந்திரம் ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் சரக்கைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, இவ்வளவு நல்ல சரக்கை ஏன் வீணாக்குகிறார்கள் என்று நான் கேட்டதும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் நினைவில் இருக்கின்றன. எந்திரத்தின் வயிற்றில் முன்பு கிடந்தது முழுவதும் வெளியேறும் வரை வருவது எதுவும் நம் கலவை அன்று. கலவைத் தொழிலில் முதலில் வருவதைவிட மோசமானது வேறில்லை.

நகரின் வடக்கே ஷ்வேப்யிதாவில் உள்ள கேபிள் தொழிற்சாலைக்கு என்னை அழைத்தவர் அதன் முதலாளி ஊ மியா அவுங். நல்ல மனிதர். எரியும்போது கரும்புகையும் நச்சுவாயுவும் கக்கும் பழைய கம்பி உறைக்கு மாற்றாக, புகை குறைந்த, தானே அணையும் உறை வேண்டும் என்றார். அதற்கு வழி ஒரு வெள்ளைப் பொடி: அலுமினியம் ஹைட்ராக்சைடு. சூடேறும்போது அது தனக்குள் பிணைந்திருக்கும் நீரை விடுவித்து நெருப்பின் வெம்மையைத் தணிக்கும். மிஞ்சும் வெள்ளை ஓடு உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கை மூடிக் காக்கும். ஆனால் எடையில் பாதிக்கும் மேல் அந்தப் பொடியையே போட வேண்டும். போட்டால் உறை விறைத்து, மடக்கும்போது வெடிக்கும். குறைத்தால் எரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. யாங்கோன் மழையின் ஈரம் மூட்டைக்குள் புகுந்து பொடியைக் கட்டி தட்டச் செய்யும். மின்சாரமோ முறை வைத்து வந்து முறை வைத்துப் போகும். போகும்போதெல்லாம் எந்திரத்தை வெறும் பாலித்தீன் விட்டுக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குத் துணையாக நின்றவர் எந்திரத்தை ஓட்டிய மாரியப்பன். அவருடைய பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவராம். தொழிற்சாலையில் அவருக்குக் கோ மியோ என்று பெயர். என் முன்னால் மட்டும் அவர் மாரியப்பன். பர்மியச் சொற்கள் ஊடாடிய பழைய தமிழ் பேசுவார். என் தமிழை முதலாளிக்கும், முதலாளியின் பர்மிய மொழியை எனக்கும் மாற்றிச் சொல்வார். பெரிய ஆசிரியர் என்ற பொருளில் என்னைச் சயாஜீ என்று அழைத்தார். சார் என்றால் போதும் என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. எதைக் கொடுத்தாலும் இந்நாட்டு மரியாதைப்படி இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி கொடுப்பார், கரி படிந்த சோதனைத் துண்டைக்கூட.

அந்தச் சோதனை எளியது. உறைத் துண்டொன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் பஞ்சு வைத்து, துண்டின் நுனியில் சுடரைக் காட்டி எடுக்க வேண்டும். நல்ல கலவை சற்றே கனன்று அணைந்துவிடும். கெட்டது உருகி, எரியும் சொட்டுகளாக விழுந்து பஞ்சைக் கொளுத்திவிடும். எங்கள் துண்டு முதன்முதலாக அணைந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"சயாஜீ, உங்க மேலயும் இந்தப் பொடியப் பாதிக்கு மேல போட்டுட்டாங்க போல" என்றார் மாரியப்பன். "சிரிப்பு பத்தவே மாட்டேங்குதே."

"வேலையைப் பார், மாரியப்பா" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரித்தேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

விற்பனைக்கான உற்பத்தி தொடங்கிய நாளில் ஊ மியா அவுங் புதுப்பட்டு உடுத்தி, தேங்காயும் வாழைச்சீப்பும் பூவும் வைத்த தாம்பாளத்தோடு வந்தார். எந்திரத்திலிருந்து விழுந்த முதல் குருணைகளை வெள்ளிக் கிண்ணத்தில் ஏந்தினார். அவற்றையும் தொடர்ந்து விழுந்த முதல் மூட்டையையும் பக்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் செம்புக் கம்பியில் உறையாக ஏற்றச் சொன்னார். முதல் சுருள் தம் தாயாரின் பெயரால் அலூவாக, அதாவது புண்ணிய தானமாக, லைங் தாயாவில் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே உள்ள தம்மாயோனுக்குப் போகும் என்றார். தம்மாயோன் என்பது ஊர்ப் பொதுவான பிரார்த்தனை மண்டபம். மூங்கில் தட்டிச் சுவர், மரத் தளம், மாடத்தில் எப்போதும் மெழுகுவர்த்திகள்.

"மாரியப்பா, இவரிடம் சொல்" என்றேன். "முதலில் வருவது எந்திரத்தைக் கழுவ விட்ட வெறும் பாலித்தீன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் எரியும். இது கழிவு. கம்பியில் ஏற்றக் கூடாது."

மாரியப்பன் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். முதலாளி முகம் மலர்ந்து என்னைக் கைகூப்பி வணங்கினார்.

"என்ன சொன்னாய்?"

"இனி வர்றது இதவிட நல்லா வரும்னு சயாஜீ சொல்றாருன்னேன்."

"நான் சொன்னது அதுவா?"

"அம்மா பேருல கொடுக்கறாருங்க. தாம்பாளத்துல வச்சாச்சு. அதப் போயி கழிவுன்னு அவர் மொகத்தப் பாத்து எப்படிங்க சொல்றது? ஆனாடெங்க."

ஆனாடெ என்ற சொல்லை இந்நாட்டில் நாள்தோறும் கேட்கலாம். மற்றவர் மனம் நோகுமே என்று தன் வாயைத் தானே அடைத்துக்கொள்வது. தயக்கம், மரியாதை, இரக்கம் மூன்றும் அதில் உண்டு. எனக்கு அது இல்லை. மறுநாளே முதலாளியின் அறைக்குச் சென்று, அவருக்குக் கொஞ்சம் தெரிந்த ஆங்கிலத்தில் நேராகச் சொன்னேன்.

"கொடுத்துவிட்டேனே, சயாஜீ" என்றார். "அம்மாவுக்காக நீர் வார்த்துக் கொடுத்தது. அதை எப்படித் திரும்பக் கேட்பது? அடுத்த ஆண்டு இன்னொரு சுருள் கொடுப்போம்."

அடுத்த ஆண்டுவரை நெருப்பு காத்திருக்காது என்றேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

இதை மாரியப்பனிடம் சொன்னபோது அவர் முகம் கறுத்துப்போயிற்று. அந்தக் குடியிருப்பில்தான் அவர் வீடும். அவர் மகள் மாலையில் அந்த மண்டபத்தில்தான் படிப்பாள். நான்கைந்து நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதற்குள் மண்டபத்தில் அந்தக் கம்பியைப் பொருத்திவிட்டார்கள். பிறகு ஒருநாள் தானாகவே வந்தார்.

"திரும்பி வாங்கினாத்தான சயாஜீ குத்தம்? மாத்தி வச்சா? கொடுத்ததவிட நல்லதா மாத்தி வச்சா அந்தம்மாவுக்குப் புண்ணியம் கூடத்தான செய்யும்? நல்ல ஓட்டத்துல வந்த சுருள் ஒண்ணு குடுங்க. ஆருக்கும் தெரிய வேண்டாம்."

அறிவுள்ள யோசனை. நல்ல சுருள் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் ஒரு துண்டை வெட்டிச் சுடரில் காட்டினேன், அணைந்தது. சுருளைக் கொடுத்தேன். இடக்கையால் முழங்கையைத் தாங்கி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மண்டபத்தின் மெயின் சுவிட்ச் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. சாவியைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் முதலாளியின் தாயாருக்காகக் கொடுத்த தானத்தைக் குறை சொன்னதாகும். மாரியப்பன் சாவி கேட்கவில்லை. நண்பகலில், மின்சாரம் இல்லாத முறையில், மண்டபம் ஆளற்றிருந்த நேரமாகப் பார்த்து ஏணி போட்டு ஏறியிருக்கிறார். தானமாக வந்த கம்பியில் பெரும்பகுதியைக் கழற்றிச் சாக்கில் போட்டிருந்தார். அன்று மின்சாரம் முறைக்கு முன்பே வந்துவிட்டது, அவர் கை கம்பியில் இருக்கும்போதே. யாங்கோனில் மின்சாரம் திரும்பும் நொடியில் தெருவெங்கும் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கூவுவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று. அன்றும் கூவினார்கள். ஷ்வேப்யிதாவில், தொழிற்சாலையில் எனக்கிருந்த அறையில், மின்விசிறி சுழலத் தொடங்கியதைக் கண்டு நானும் மகிழ்ந்தேன்.

சாக்கில் தானக் கம்பி, அருகில் தொழிற்சாலைச் சுருள். பார்த்தவர்கள் முடிவுகட்ட அது போதுமானதாக இருந்தது. புத்தருக்குக் கொடுத்ததைத் திருடியவன். அதற்கு முன்பே சோறு போட்ட தொழிற்சாலையிலும் திருடியவன். காலம் தாழ்த்தாமல் ஊ மியா அவுங்கிடம் சென்று அந்தச் சுருளைக் கொடுத்தவன் நான் என்றேன். அவர் கண் கலங்கினார். அது நடிப்பு அன்று. ஆனால், "தானம் கொடுத்த கம்பி எரியக்கூடியது என்று தெரிந்தால் நம் கேபிளை யார் வாங்குவார்கள்? உங்கள் பெயர் என்ன ஆகும்?" என்று கேட்டார். "போனவருக்கு இனி வேலை இல்லை, சயாஜீ. நமக்கு இருக்கிறது. இங்கே நூறு பேருக்கு இருக்கிறது."

என் பெயரைப் பற்றி இன்னொருவர் கவலைப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் வெறுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கம்பக்கத்தார் வரமாட்டார்கள் என்று மாரியப்பனின் மனைவி சாந்தி சொல்லியனுப்பியிருந்தார். சிலர் வந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றார்கள். நான் எழுந்து பேசத் தொடங்கினேன். இரண்டு வாக்கியங்களுக்குப் பின் வழக்கம்போல நிறுத்தி, பக்கத்தில் திரும்பினேன். என் தமிழைப் பர்மியமாக்க அங்கே எவரும் இல்லை. அதைச் செய்தவர் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார். சாந்தியின் தமிழ் அடுக்களையளவு. மகளுக்கு அதுவும் இல்லை. எனவே, எனக்கு மிஞ்சியிருந்த ஒரே மொழியில், சோதனையால், சொல்ல முனைந்தேன். தொழிற்சாலைக்குத் திரும்பி வந்திருந்த முதல் சுருளிலிருந்து ஒரு துண்டும் இரண்டாம் சுருளிலிருந்து ஒரு துண்டும் கொண்டுபோயிருந்தேன். அடியில் பஞ்சு வைத்து இரண்டையும் கொளுத்தினேன். ஒன்று எரிந்து சொட்டிப் பஞ்சைப் பற்றவைத்தது. மற்றது அணைந்தது. முன்னதை மண்டபம் இருந்த திசையில் காட்டினேன். பின்னதைப் படத்தின் முன் வைத்தேன்.

அவர்கள் பார்த்தார்கள், தலையசைத்தார்கள். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்தது என்ன என்பது சில நாள் கழித்து டோ கின்னின் உடைந்த ஆங்கிலத்தில் என் காதுக்கு எட்டியது. இந்தியச் சயா துக்க வீட்டிலும் வந்து தம் பிளாஸ்டிக் எவ்வளவு நல்லது என்று செய்துகாட்டிவிட்டுப் போனாராம். சாந்தி மட்டும் அன்று அணைந்த துண்டை எடுத்து, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவுக சொன்னாக" என்றார். எதைச் சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் முன்பே விலகிவிட்டேன். அம்பத்தூரில் என்னிடம் வேலை பழகியவர்கள், என் கலவை பர்மாவில் தீப்பிடித்து ஓர் ஆள் இறந்துவிட்டதாகப் பேசிக்கொள்வதாக அறிகிறேன். தீயே பிடிக்கவில்லை. அங்கே போய் அதைச் சொல்லலாம். கேட்கவும் ஆள் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. போனால் இங்கே மாரியப்பனுக்காகச் சொல்ல எஞ்சியிருக்கும் ஒரே ஆளும் போனதாகும். பயணப்பெட்டி கட்டிலடியில் பாதி அடுக்கியபடி கிடக்கிறது. டோ கின்னிடம் பர்மிய மொழி கற்கிறேன். இந்த வயதில் அது நாக்கில் ஒட்டவில்லை.

காலையில் தேநீர் போடும்போது முதல் கோப்பையை என்னால் குடிக்க முடிவதில்லை. கொட்டுவதற்கும் கை வருவதில்லை. வைப்பதற்கு மாடமும் என்னிடம் இல்லை. அது மேசையின் மேல், அந்த இரண்டு துண்டுகளுக்கும் அருகே, ஆடை படிந்து ஆறிக்கொண்டிருக்கிறது.

மாரியப்பன் கம்பி திருடப் போகவில்லை. மாற்றப் போனார். புதிய சுருளை நான் கொடுத்தேன்.